தப்பைத் தானே சொல்கிறவன்

அவன் பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இன்னும் நாலு பேருக்கு அவனைப் பிடித்துப்போகும். ஏற்கெனவே திண்டுக்கல்லில் பாதிப் பேருக்கு அவனைப் பிடிக்கும், அது போதும்.

இப்போது அவன் தூத்துக்குடியில் இருக்கிறான். படகு வைத்திருக்கிறவர்கள் அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆத்தூர் அணையைத் தவிர வேறு பெரிய தண்ணீரைப் பார்க்காதவன், கடலில் போகிற படகுகளுக்குத் தாழ்ப்பாள் மாட்டிக்கொண்டிருக்கிறான். போன வாரம் போட்டோ அனுப்பியிருந்தான், பின்னால் கடல் தெரிய. அதைப் பார்த்துவிட்டு அரை மணி நேரம் எனக்கு யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை.

எனக்குக் கதவு, ஜன்னல் சாமான் விற்கிற கடை. கீல், தாழ்ப்பாள், கைப்பிடி, பூட்டு, ஸ்குரூ எல்லாம் கிடைக்கும். அவன் அதையெல்லாம் வீடு வீடாகப் போய் மாட்டிக் கொடுக்கிறவன். காலையில் ஒன்பது மணிக்கு என் கடைக்கு முன்னால் பைக்கை நிறுத்திவிட்டு, என் ஸ்டூலில் உட்கார்ந்து, என் பேப்பரைப் படிப்பான். சாமான் வாங்க வருகிறவர்கள், மாட்டுவதற்கு ஆள் இருக்கிறதா என்று கேட்பார்கள். நான் அவனைக் காட்டுவேன். அடுத்த தடவை அதே ஆள் கடைக்கு வரும்போது அவனைப் பார்த்துத்தான் சிரிப்பார், என்னைப் பார்த்து "அவரு இல்லையா?" என்பார். பதினோரு வருஷம் இப்படி.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கைவேலையில் நான் அவனுக்குக் குறைந்தவன் இல்லை. கடை வைப்பதற்கு முன்னால் நானும் உளி பிடித்தவன்தான். கீல் பதிய நான் பள்ளம் எடுத்தால் கீலுக்கும் மரத்துக்கும் நடுவில் காகிதம் நுழையாது. அவன் எடுத்தால் கல்யாணப் பத்திரிகையே நுழையும்.

அவனிடம் இருந்தது வேறு ஒன்று. தப்பு செய்தால் முதல் ஆளாக அவனே சொல்லிவிடுவான். யாரும் கண்டுபிடிக்கும் வரை காத்திருக்க மாட்டான். மெதுவாகவும் சொல்ல மாட்டான். வீடு முழுக்கக் கேட்கும்படி, "தப்பு என்னுது" என்பான். அதற்குப் பிறகு முகத்தில் ஒரு வாட்டம் இருக்காது. தண்ணீர் குடித்த மாதிரி இருப்பான்.

பழனி ரோட்டில் ஒரு டீச்சரம்மா வீட்டில் பால் காய்ச்சுகிற அன்றைக்கு இரண்டு பேரையும் கூப்பிட்டிருந்தார்கள். கூடத்தில் சொந்தக்காரர்கள் நிறைந்து உட்கார்ந்திருந்தார்கள். இவன் இலையில் உட்காரப் போனவன் பீரோ அறைக் கதவைப் பார்த்தான். திரும்பி வந்து கூடத்தின் நடுவில் நின்றான்.

"எல்லாரும் செத்த நேரம் மன்னிக்கணும். நம்ம வீட்டு உள்ரூம் பூட்டத் தலைகீழா மாட்டிட்டேன். சாவி தலைகீழாத்தான் போகும். தப்பு என்னுது. நாளைக்குக் காலைல வந்து மாத்திருறேன்."

யார் வீட்டுக்குப் போனாலும் அவனுக்கு அது 'நம்ம வீடு'. கூடம் மொத்தமும் சிரித்தது. டீச்சரம்மாவின் மாமனார் அவனைக் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். அவனுக்கு மட்டும் இரண்டாம் தடவை பாயசம் வந்தது. சாப்பிட்டுக் கை கழுவுகிற இடத்தில் மூன்று பேர் அவனுடைய நம்பரை வாங்கினார்கள். அந்த வீட்டின் எல்லாச் சாமானையும் ஒரு குறையும் இல்லாமல் கொடுத்தவன் நான். என்னிடம் ஒருத்தர் கை துடைக்கத் துண்டு எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

என் வழி வேறு. ஒரு தடவை பாத்ரூம் தாழ்ப்பாளுக்கு நீளமான ஸ்குரூவைக் கொடுத்துவிட்டேன். அது கதவைத் துளைத்து மறுபக்கம் முனை நீட்டிக்கொண்டு நின்றது. வந்து கேட்ட ஆளிடம், ஸ்குரூ சரி, உங்கள் கதவுதான் கனம் பத்தாது என்று பத்து நிமிஷம் வாதாடினேன். கடைசியில் அவரே ஒத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவர் என் கடைப் பக்கம் வரவில்லை. எதிர்ச் சாரியில் நடந்து போவார், பார்த்திருக்கிறேன்.

அவனைப் பார்த்து நானும் ஒரு தடவை முயன்று பார்த்தேன். பெரிய தப்பு எதுவும் அப்போது கைவசம் இல்லாததால் சின்னதாக ஒன்றை எடுத்துக்கொண்டேன். ஒரு வாடிக்கையாளரிடம் போய், "அண்ணே, உங்களுக்குக் குடுத்த எட்டுக் கைப்பிடியில ஒண்ணுல நிறம் ஒரு இம்மி வித்தியாசம். தப்பு என்னுது" என்றேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆமா, இப்பத்தான் தெரியுது. எட்டையும் மாத்திக் குடுங்க" என்றார். எட்டையும் மாற்றிக் கொடுத்தேன்.

வீட்டில் இதைவிட மோசம். என் மனைவிக்கு அவன் கூடப் பிறக்காத அண்ணன், அவனுக்கு அவள் தங்கச்சி. என்னை அவன் மாப்ள என்பான், நானும் அவனை மாப்ள என்பேன். கடைக்கு எனக்கு வருகிற சாப்பாட்டில் தொட்டுக்கொள்கிற வெஞ்சனம் மட்டும் இரண்டு கிண்ணமாக வரும். எனக்கும் அவளுக்கும் சண்டை வந்தால், எந்தச் சண்டையாக இருந்தாலும், கடைசியில் அவள் வந்து நிற்கிற இடம் ஒன்றுதான்.

"அண்ணன் மாதிரி ஒரே ஒரு வார்த்த, தப்புன்னு சொன்னா நீங்க என்ன தேஞ்சா போயிருவீங்க?"

நான் தேய்ந்துதான் போயிருப்பேன். அவளுக்கு அது புரியாது. அவனுக்கு உடம்பே வேறு மாதிரி. அவன் ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் ஒரு சுற்றுப் பெருத்தான்.

இனி படகு.

ஆத்தூருக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்புக்குள் கடல் படகு வந்து நிற்கிறது என்று கேள்விப்பட்டபோது நான் நம்பவில்லை. போய்ப் பார்த்தால் நிஜமாகவே நின்றது. தகரக் கொட்டகைக்குக் கீழே, மரக்கட்டைகளால் முட்டுக்கொடுத்து, தரையில் இருந்து ஆள் உயரத்துக்கு மேலே. கப்பலில் இன்ஜின் அறையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் ஒருத்தர், கொச்சியில் யாரோ விட்டுப்போன பழைய பாய்மரப் படகை வாங்கி, நீளமான லாரியில் ஏற்றிச் சொந்தத் தோப்புக்குக் கொண்டுவந்துவிட்டார். வீட்டு வாசலில் வைத்துத் தானே ஒவ்வொன்றாகச் சரிபண்ண வேண்டும் என்பது அவருடைய ஆசை. மழைக்காலம் முடிந்ததும் தூத்துக்குடியில் இறக்கி, கரையோரமாக அவரும் அவர் மனைவியும் போவதாகத் திட்டம்.

அந்த அம்மாவுக்குத் தண்ணீர் என்றாலே பயம். ஆனால் முப்பது வருஷம் புருஷனைக் கடலுக்கு அனுப்பிவிட்டு வீட்டில் தனியாக இருந்தவர். "இன்னமே தனியா விட மாட்டேன், நானும் வாரேன்னு சொல்லிட்டேன்" என்றார் எங்களிடம். ஒரே ஒரு நிபந்தனை. எல்லா வேலையும் முடிந்து, ஒரு குறையும் இல்லை என்று ஆன பிறகுதான் படகுக்குள் கால் வைப்பார். முதல் விளக்கை உள்ளே அவர்தான் ஏற்ற வேண்டும். அதுவரை ஏணிக்குக் கீழேயே நிற்பார்.

படகுக்குள் இறங்கினால் ஒரு சின்ன வீடு. படுக்க இரண்டு பலகை, அடுப்பு மேடை, சுற்றிலும் குட்டிக் குட்டி அலமாரிகள், இழுப்பறைகள். அங்கேதான் எங்கள் வேலை. பித்தளைச் சாமான்கள் களிம்பேறிப் பச்சையாகக் கிடந்தன. கீல்களின் நடுக்கம்பி தேய்ந்து கதவுகள் தொங்கின. ஸ்குரூ ஓட்டைகள் பெரிதாகி, ஸ்குரூவை விரலாலேயே உருவ முடிந்தது. ஒவ்வொன்றையும் கழற்றி, பழைய ஓட்டையில் மரமுளை அடித்துப் பசையிட்டு, காய்ந்த பிறகு புதிதாகத் துளையிட்டு மாட்ட வேண்டும். இரண்டு மாத வேலை.

இந்த வேலையையாவது எனக்கே எனக்கு என்று நினைத்தேன். திண்டுக்கல்லில் கதவுக்குக் கீல் மாட்டினவன் ஆயிரம் பேர் இருப்பான். படகுக்கு மாட்டினவன் யார் இருக்கிறான்? கப்பல்காரர் கடைக்கு வந்து கேட்டபோது, உப்புத் தண்ணீருக்குத் தாங்கும், எனக்கு எல்லாம் தெரியும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அடித்துச் சொன்னேன். அவர் ஸ்டூலில் இருந்தவனைப் பார்த்து, "நீங்க?" என்றார்.

"எனக்குப் படகு தெரியாது சார். ஏறுனதே இல்ல. ஆனா தப்பா மாட்டுனா ஒடனே சொல்லிருவேன்."

"நீங்க வாங்க" என்றார் கப்பல்காரர். சாமானுக்கு நான், கைக்கு அவன் என்று முடிவானது. அவன்தான், "மாப்ளையும் கூட இருக்கட்டும் சார், என்னவிட உளி சுத்தம்" என்று என்னைச் சேர்த்துக்கொண்டான். அந்தச் சிபாரிசு எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

முதல் வாரமே இரண்டு இழுப்பறைகளை வீட்டு இழுப்பறை மாதிரி, தொட்டாலே சறுக்கி வரும்படி மாட்டியிருந்தான். படகு ஒரு பக்கம் சாய்ந்தால் அவை தானாக வெளியே வந்து விழும். எனக்கு அது அவன் மாட்டும்போதே தோன்றியது. சொல்லவில்லை. கப்பல்காரர் கண்டுபிடிக்கட்டும், இவன் மூக்கு உடையட்டும் என்று இருந்தேன். அவர் கண்டுபிடிப்பதற்குள் இவனே ஏணி உச்சியில் ஏறி நின்று தோப்பைப் பார்த்துக் கத்தினான்.

"அம்மோவ், ரெண்டு டிராயர வீடுன்னு நெனச்சு மாட்டிட்டேன். இது சாயுற வீடுன்னு மறந்துபோச்சு. தப்பு என்னுது!"

அந்த அம்மா சிரித்துச் சிரித்துத் தென்னையைப் பிடித்துக்கொண்டார். உடைந்த மூக்குக்கு இளநீர் வந்தது. பக்கத்தில் இருந்த பாவத்துக்கு எனக்கும் ஒன்று.

அலமாரிக் கதவுகளுக்குப் பழைய முறையே வேண்டும் என்றார் கப்பல்காரர். கதவில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. விரலை உள்ளே விட்டு இழுத்தால்தான் கொக்கி விடும். படகு எப்படிப் புரண்டாலும் கதவு திறக்காது. அந்த மாதிரிக் கொக்கி என் கடையில் இல்லை, இவன் லேத்துப் பட்டறையில் சொல்லிச் செய்து வாங்கி வந்தான். கப்பல்காரர் ஒவ்வொரு கொக்கியையும் குழந்தை மாதிரி விரலை விட்டு விட்டுப் பார்த்தார். எனக்குக் காதில் புகை வந்தது.

என் கடையில் அப்போது புதிதாக வந்திருந்தது மேக்னட். அலமாரிக் கதவை விட்டால் காந்தம் இழுத்து 'டப்' என்று சாத்திக்கொள்ளும். ஊரில் எல்லாப் புது வீட்டிலும் அதுதான். ஒரு வியாழக்கிழமை, அவன் தன் அக்கா வீட்டுக் காதுகுத்துக்குக் கிடாய் பிடிக்க அய்யலூர்ச் சந்தைக்குப் போயிருந்தான். நான் தனியாகத் தோப்புக்குப் போனேன். படகுக்குள் இறங்குகிற படிக்குப் பக்கத்தில், எல்லார் கண்ணிலும் படுகிற ஒரு அலமாரி. அவன் கொக்கியோடு சேர்த்து அதில் மூன்று மேக்னட் மாட்டினேன். நாலாவது ஒன்று, பொத்தான் அளவுதான் இருக்கும், அந்த அளவுக்கு நல்ல பலம். அதைச் சட்டத்துக்குள்ளேயே குடைந்து இறக்கி, மேலே மரத்துண்டு வைத்து இழைத்து, வார்னிஷும் அடித்தேன். என்ன பார்த்தாலும் தெரியாது. கதவு ஏன் இப்படி ஒட்டுகிறது என்று எல்லாரும் அதிசயப்பட வேண்டும், அப்போது மெதுவாகச் சொல்ல வேண்டும் என்று ஆசை.

அந்த அலமாரிக்கு அடுத்த சுவரில் தட்டு அளவுக்கு ஒரு வட்ட ஓட்டை இருந்தது, பலகை வைத்து மூடியிருந்தார்கள். அது எதற்கு என்று நான் முன்னமே அவனைக் கேட்டிருந்தேன். கடிகாரம் மாட்டுகிற இடமாக இருக்கும் என்றான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வீட்டுக் கூடத்தில் அந்த உயரத்தில் வட்டமாக வேறு என்ன இருக்கும்?

மறுநாள் அவன் வந்து கதவைச் சாத்திப் பார்த்தான். "டப்புன்னு போகுதே, நல்லாருக்கு மாப்ள" என்றான். நாலாவதைப் பற்றி நான் சொல்லவில்லை. கப்பல்காரர் வந்து அதிசயப்படும்போது சொல்லலாம் என்று வைத்திருந்தேன். அவர் வெளியே பெயிண்ட் வேலையில் இருந்தார், அந்தக் கதவை அவர் திறக்கவே இல்லை.

அடுத்த வாரக் கடைசியில் எல்லா வேலையும் முடிந்தது. திங்கட்கிழமை லாரியும் கிரேனும் வருவதாக இருந்தது. வெள்ளிக்கிழமை கப்பல்காரர் எங்களைக் கூப்பிட்டிருந்தார். வீட்டில் துணி சுற்றி வைத்திருந்த ஒன்றை எடுத்து வந்து, அந்த வட்ட ஓட்டையில் வெளிப்பக்கமாக மாட்டினார். கடிகாரம் இல்லை. திசைகாட்டி.

"இப்ப எல்லாரும் சிறுமலையப் பாருங்க" என்றார் உற்சாகமாக. "அது கிழக்கு. காம்பஸ் என்ன சொல்லுதுன்னு பாப்போம்."

சிறுமலையை வடக்கு என்றது. அவர் தட்டினார், ஆட்டினார். அது பிடிவாதமாக வடக்கு என்றே நின்றது. அவர் முகம் செத்துப்போனது. ஏணிக்குக் கீழே நின்ற அந்த அம்மா, "மலை எங்க இருக்குன்னே தெரியாத சாமான நம்பியா கடலுக்குப் போறது? நான் வரலப்பா" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. திசைகாட்டிக்கு ஒரு சாண் தூரத்தில் நாலு காந்தம். சொல்ல வேண்டியது ஒரே வரி. எப்படி ஆரம்பிப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவன் உள்ளே இறங்கி அந்த அலமாரியைத் திறந்துவிட்டான்.

"சார், நான் ஒண்ணொண்ணாக் கழட்டுறேன், நீங்க அதையே பாத்துட்டு இருங்க."

ஒரு மேக்னட் வெளியே வந்தது, திசைகாட்டி அசைந்தது. இரண்டாவது வந்தது, இன்னும் திரும்பியது. மூன்றாவதை அவன் எடுத்துத் தோப்புக்குள் வீசினான். சிறுமலை கிழக்குக்கு வந்தது. "ஒரு நூல் வெலகுது. என் கண்ணுக்கு வயசாச்சுல்ல, அப்படித்தான் தெரியும்" என்றார் கப்பல்காரர். அந்த ஒரு நூல் எது என்று எனக்கு மட்டும் தெரியும்.

அவன் தலையை வெளியே நீட்டினான். "சார், தப்பு என்னுது. இந்த ஓட்டை கடிகாரத்துக்குன்னு நெனச்சேன், உங்களக் கேக்காம விட்டேன். மேக்னட் இருக்கிறதப் பாத்தும் பேசாம இருந்துட்டேன்."

கப்பல்காரர் அவன் முதுகில் தட்டினார். அந்த அம்மா ஏணியின் முதல் படியைக் கையால் தொட்டார். "தப்ப இப்பிடிச் சொல்ற ஆளு கைவச்ச படகுன்னா, நான் பயப்படாம ஏறுவேன்யா" என்றார்.

நான் கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நன்றியாக இருந்ததா என்றால் இல்லை. பற்றி எரிந்தது. பதினோரு வருஷமாக என் வாடிக்கையாளர்களை எடுத்துக்கொண்டான், என் வீட்டு வெஞ்சனத்தை எடுத்துக்கொண்டான், இப்போது என் தப்பையும் எடுத்துக்கொண்டு அதற்கும் நல்ல பேர் வாங்கிவிட்டானே என்று இருந்தது.

திரும்பி வரும்போது பைக்கில் நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அணைக்கரைக்குப் பக்கத்தில் கேட்டேவிட்டேன்.

"என் தப்ப நீ எதுக்குலே எடுத்துக்கிட்ட? நான் கேட்டனா?"

அவன் பைக்கை ஓரங்கட்டினான். நிஜமாகவே புரியாமல் பார்த்தான்.

"உன் தப்ப நான் எங்க எடுத்தேன்? கடிகாரம்னு சொன்னது யாரு? நானு. மேக்னட்டப் பாத்துட்டு நல்லாருக்குன்னது யாரு? நானு. அத நான் சொன்னேன்."

"வச்சது நான்ல?"

"அத நீ சொல்லணும் மாப்ள. எம் பங்க நான் சொல்லிட்டேன். உம் பங்கு அங்கயேதான் கெடக்கு."

கோபமாகச் சொல்லவில்லை, மறந்துவைத்த டிபன் பாக்ஸை எடுத்துக்கொள்ளச் சொல்கிற மாதிரி சொன்னான். நாலாவதைப் பற்றி அவனுக்குத் தெரியாது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். பைக்கைக் கிளப்பிவிட்டான் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை தோப்புக்குப் போனேன். அளவு டேப்பை மறந்துவிட்டதாகப் பொய் சொல்லி, உள்ளே இறங்கிச் சத்தமில்லாமல் அதைத் தோண்டி எடுத்துவிடலாம் என்று திட்டம். கப்பல்காரர் உள்ளேதான் இருந்தார். என்னை உட்காரவைத்துக் கடல் வரைபடத்தை விரித்துக் காட்டினார். "இங்க ஒரு நூல் தப்பினா தம்பி, நாள் முழுக்கப் போனதுக்கு அப்புறம் ஒரு ஊரே தள்ளிப் போயிருப்போம். பாறை இருக்கிற பக்கம்னா முடிஞ்சுது" என்று சிரித்தார். அந்த அம்மா கீழே இருந்து காபி கொடுத்துவிட்டார். குடித்துவிட்டு, பைக்குள் இருந்த டேப்பையே கண்டெடுத்த மாதிரி காட்டிவிட்டு வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை எங்கும் போகவில்லை. என்ன உடம்புக்கு என்று வீட்டில் கேட்டாள். ஒன்றும் இல்லை என்று எரிந்து விழுந்தேன்.

திங்கட்கிழமை கிரேன் வந்துவிட்டது. லாரி வந்துவிட்டது. வேடிக்கை பார்க்க ஆத்தூரே திரண்டு வந்திருந்தது. லாரிச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். அந்த அம்மா பட்டுச் சேலையில், கையில் குத்துவிளக்கோடு ஏணிக்குக் கீழே வந்து நின்றார். முதல் தடவையாக ஏறப்போகிறார். ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்தார்.

"ஏறாதீங்கம்மா" என்றேன். என் குரலா என்று எனக்கே தெரியவில்லை. "உள்ள இன்னொரு மேக்னட் இருக்கு. மரத்துக்குள்ள பொதைச்சு வச்சிருக்கேன். அந்த மூணும் நான் வச்சதுதான். இவன் இல்ல. நான் வச்சேன்."

யாரும் சிரிக்கவில்லை. அந்த அம்மா காலைக் கீழே இறக்கிக்கொண்டார். கப்பல்காரர் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு குளுமையும் இல்லை. "வேற எங்க?" என்றார். வேறு எங்கும் இல்லை என்றேன். "வெள்ளிக்கெழமயும் நீங்க இங்கதான நின்னீங்க?" என்றார்.

கிரேனை நிறுத்தச் சொல்லிவிட்டார். உளியைக் கொண்டுவரச் சொல்லி, என்னையே குடைந்து எடுக்கச் சொன்னார். அவ்வளவு அழகாக நான் மூடியிருந்த மரத்துண்டைப் பெயர்த்துப் பொத்தானை வெளியே எடுத்தபோது, திசைகாட்டி அந்த ஒரு நூலும் நகர்ந்து சரியாக நின்றது. அதோடு விடவில்லை. படகில் இருந்த ஒவ்வொரு கீலையும், ஒவ்வொரு கதவையும், ஒவ்வொரு இழுப்பறையையும் திறந்து, தடவி, இரும்பு ஒட்டுகிறதா என்று பார்த்தார்கள். மத்தியானம் வரை ஆனது. கிரேன்காரர் நேரமாகிறது என்று என்னைப் பார்த்துத்தான் முணுமுணுத்தார். தப்பு என்னுது என்று அவன் சொன்னால் இளநீர் வரும், நான் சொன்னால் படகையே பிரித்துப் பார்ப்பார்கள் என்று அப்போதும் எனக்குத் தோன்றாமல் இல்லை. அவன் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கதவாகச் சாத்திக் கொடுத்தான்.

எல்லாம் பார்த்து முடிந்து நாங்கள் ஏணிக்குப் பக்கத்தில் வந்து நின்றோம். அந்த அம்மா மறுபடி விளக்கை எடுத்துக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்தார்.

"இன்னமே ஒண்ணும் இல்லைல்ல தம்பி?"

"இல்லைங்கம்மா."

நம்பவில்லை. முகம் தானாக அவன் பக்கம் திரும்பியது. அவன் தலையாட்டினால் போதும், ஏறிவிடுவார். கூட்டமே அவனைத்தான் பார்த்தது. எனக்குக் காது வரை சூடேறியது.

"அத அவன்ட்டத்தாம்மா கேக்கணும்" என்றான் அவன். "வச்சது அவன். எங்க வச்சான், எத்தன வச்சான்னு அவனுக்குத்தான் தெரியும். நான் சொன்னா அது சும்மா சொல்றது."

சொல்லிவிட்டுக் குனிந்து ஏணியின் அடியைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டான். அந்த அம்மாவுக்கு வேறு வழியில்லை. மறுபடி என்னிடம் திரும்பினார், இந்தத் தடவை கண்ணை எடுக்காமல் பார்த்தார்.

"நாலுதாம்மா வச்சேன். நாலும் எடுத்தாச்சு" என்றேன்.

அந்த அம்மா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினார். உள்ளே விளக்கு எரிவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் பொறாமை போனதா என்று கேட்டால், இல்லை. இன்னும் கூடிவிட்டது. அவன் இடத்தில் நான் நின்றிருந்தால் தலையாட்டியிருப்பேன். சின்னதாக, எல்லாரும் பார்க்கும்படியாக.